கொடி இல்லாத கப்பல்

ஜெர்மானியப் போர்க்கப்பல் என்றால் நமக்குத் தெரிந்தது எம்டன் ஒன்றுதான். 1914 செப்டம்பர் 22ம் தேதி ராத்திரி வந்தது. சென்னைத் துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய் டாங்குகளைக் கொளுத்தியது. வந்த வழியே போய்விட்டது. கப்பல் போனாலும் பேர் இங்கேயே தங்கிவிட்டது. 'அவன் சரியான எம்டன்' என்றால் கில்லாடி என்று அர்த்தம். குண்டு போட்டவனுக்குப் பட்டம் கொடுத்து வைத்துக்கொண்ட ஊர் நம்முடையது.

ஆனால் உலகத்துக்கு ஜெர்மானியப் போர்க்கப்பல் என்றால் பிஸ்மார்க். இரண்டாம் உலகப்போர் சரக்கு. அந்த பிஸ்மார்க் போன மாதம் என் வீட்டுக்கு வந்தது, ஒரு அட்டைப்பெட்டிக்குள், சில நூறு துண்டுகளாக.

ஹாம்பர்கில் வேலை பார்க்கும் நண்பன் விடுமுறைக்கு வந்தபோது என் மகளுக்காக வாங்கி வந்தது. பெண் குழந்தைக்குப் போர்க்கப்பலா என்று கேட்காதீர்கள். அவள் வீட்டில் இருக்கும் கடிகாரம், மிக்ஸி, டிவி ரிமோட் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவள். கழற்றுவதற்குப் பதில் மாட்டுகிற ஒரு வேலையைக் கொடுப்போம் என்கிற நல்லெண்ணம்தான்.

சினிமாவுக்கு விமரிசனம் எழுதியிருக்கிறேன். புத்தகத்துக்கு எழுதியிருக்கிறேன். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதியிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் கப்பலுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நாலு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற சமாசாரம் என்பதால் எழுதுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

எந்தக் கம்பெனி தயாரிப்பு என்பது முக்கியமில்லை. ஏர்ஃபிக்ஸ், டாமியா, ரெவெல், டிரம்பெட்டர், அகாடமி என்று பிஸ்மார்க் போடாத பெரிய கம்பெனியே கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற சைஸிலிருந்து, கூடத்தில் வைத்தால் ஆள் நடக்க இடமில்லாத சைஸ் வரை இருக்கிறது. எனக்கு வந்தது 1:350. அதாவது அசலில் முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு. அசல் கப்பல் 251 மீட்டர் நீளம். ஆக, பெட்டியில் இருப்பது 72 சென்டிமீட்டர். டிவி ஸ்டாண்டின் மேல் கச்சிதமாக உட்காரும்.

பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் கொடியில் காய் தொங்குகிற மாதிரி உறுப்புகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நம்பர். வெட்டி எடுக்கவேண்டும், வெட்டிய இடத்தில் இருக்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்க்கவேண்டும், ஒட்டவேண்டும். நக வெட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்கென்று இருக்கிற பசை ஒரு விநோதம். நாம் நினைக்கிற மாதிரி அது ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைக்கிறது. இரண்டு பக்கமும் கரைந்து, கலந்து, இறுகி ஒன்றாகிவிடுகிறது. காய்ந்தபிறகு பிரிக்கவே முடியாது. உடைக்கத்தான் முடியும். எனவே ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசி என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம். வாழ்க்கையில் வேறு சில விஷயங்களுக்கும் சொன்னார்கள். யார் கேட்டோம்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கப்பலின் உடம்பு பிரமாதம். ஒரு போர்க்கப்பலின் வயிற்றுப் பகுதி எவ்வளவு அகலம், மூக்கு எவ்வளவு ஒல்லி, தண்ணீரைக் கிழிப்பதற்காக எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் புத்தகத்துப் படத்தில் புரியாது. கையில் எடுத்துத் திருப்பும்போது புரிகிறது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு பீரங்கிக் கோபுரங்கள். ஆன்டன், புரூனோ, ஸீஸர், டோரா என்று அவற்றுக்குப் பேர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு குழல். அசலில் அந்தக் குழலின் வாய் அகலம் 38 சென்டிமீட்டர். வீட்டுக் குடத்தின் வயிறு உள்ளே போகிற அளவு. நம் கப்பலில் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கோபுரம் திரும்புகிறது. மகள் அதை மட்டும் பத்து நிமிஷம் திருப்பிக்கொண்டே இருந்தாள். நானும்தான்.

அடுத்தது, பிளாஸ்டிக்கால் முடியாதது.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் கணக்குப் போடுகிற வியாதி உண்டு. பிஸ்மார்க்கின் பக்கவாட்டு இரும்புக் கவசம் அதிகபட்சம் 320 மில்லிமீட்டர் கனம். ஒரு அடிக்கு மேல். அதை 350ஆல் வகுத்தால் 0.9 மில்லிமீட்டர். இந்த பிளாஸ்டிக் உடம்போ அதைவிட கனம்! அதாவது, கணக்குப்படி பார்த்தால் பொம்மைக்கு அசலைவிடப் பெரிய கவசம். அதே கணக்கில் கைப்பிடிக் கம்பி, ஏரியல் கம்பி எல்லாம் தலைமுடியைவிட மெலிதாக வரவேண்டும். பிளாஸ்டிக் அச்சில் அது நடக்காது. அரை மில்லிமீட்டரில் ஒரு கம்பி வார்த்தாலும் அசலில் அது பதினேழு சென்டிமீட்டர் பருமன் என்று ஆகிவிடும். வாழைமரம் மாதிரி கைப்பிடி. இதனால்தான் இந்தத் துறையில் தீவிரமானவர்கள் பித்தளைத் தகட்டில் அரித்து எடுத்த கம்பிகளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி ஒட்டுகிறார்கள். சமயத்தில் கப்பலைவிடக் கம்பிக்குச் செலவு அதிகமாகிவிடும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். முழுச் சுமையோடு அசல் கப்பல் ஐம்பதாயிரம் டன். நீளம் 350ல் ஒரு பங்கு குறைந்தால், எடை 350ஐ மூன்று தடவை பெருக்கிய அளவுக்குக் குறையவேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோ 170 கிராம் வருகிறது. ஐம்பதாயிரம் டன் இரும்பு, ஒன்றேகால் கிலோ கத்திரிக்காய் எடைக்குள். அளவைச் சுருக்கினால் பயங்கரம் எவ்வளவு சீக்கிரம் வடிந்துவிடுகிறது பாருங்கள்.

விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேலட்டைப் படத்தில் பிஸ்மார்க் பீரங்கிகளால் நெருப்புக் கக்கிக்கொண்டிருக்கிறது. உடம்பில் சாய்வாகக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். வரிக்குதிரை மாதிரி. பார்க்க ஜோராக இருக்கிறது. இது பால்டிக் கடலில் இருந்தபோது அடித்த வேஷம். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கப்பலின் நீளமும் வேகமும் பிடிபடக்கூடாது என்பதற்காக. ஆனால் பெரிய சண்டைக்குப் போவதற்கு முன்னால், 1941 மே 21ம் தேதி நார்வே கடலோரத்தில் நின்றபோது, அந்தப் பட்டைகளின் மேல் சாம்பல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். படத்தில் இருக்கிற பட்டையும் உண்மை, நெருப்பும் உண்மை. இரண்டும் ஒரே நாளில் நடக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாண போட்டோவில் இல்லாத மாமாவை ஒட்டவைக்கிற மாதிரி ஒரு வேலை.

சரி, அட்டைப்படத்துக்கு அந்த உரிமை உண்டு என்று விட்டுவிடலாம். நம் பத்திரிகை அட்டைகள் செய்யாததா?

விடமுடியாதது இன்னொன்று. தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற ஸ்டிக்கர் தாளில் கப்பலின் கொடி இருந்தது. அந்தக் கொடியில் ஒன்று இல்லை. நடுவில் இருக்கவேண்டிய ஸ்வஸ்திகா.

இது கம்பெனியின் தப்பில்லை. ஜெர்மனியில் சட்டம் அப்படி. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு, நாஜிச் சின்னங்களைப் பொதுவில் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. கலை, ஆராய்ச்சி, பாடம், வரலாற்றுச் செய்தி என்றால் விலக்கு உண்டு. பொம்மைக் கம்பெனிகள் எதற்கு வம்பு என்று சின்னத்தை எடுத்துவிடுகிறார்கள். சிலர் இரண்டு மூன்று துண்டாக அச்சடித்துக் கொடுப்பார்கள். சேர்த்து ஒட்டிக்கொள்வது வாங்கியவன் பாடு.

நம் ஊரில் ஸ்வஸ்திகா என்றால் புதுக்கணக்கு நோட்டின் முதல் பக்கம், கடை வாசல், கல்யாணப் பத்திரிகை. மங்கலச் சின்னம். ஹிட்லர் அதைச் சாய்த்து வைத்து என்ன செய்தான் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கொடியில் மட்டுமில்லை. பிஸ்மார்க்கின் மேல்தளத்தில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, ஆகாயத்திலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிதாக வரைந்திருந்தார்கள். சொந்த விமானமே தப்பாக நினைத்துக் குண்டு போட்டுவிடக்கூடாது அல்லவா? பிறகு அவற்றையும் மறைத்தார்கள்.

சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. அந்தச் சின்னத்துக்காகவே பெட்டி வாங்கி வீட்டில் வைத்துக் கும்பிடுகிற ஆசாமிகள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அதைக் கொடுக்காதே என்பது சரிதான். ஆனால் விளைவைப் பாருங்கள். சின்னத்தை எடுத்ததும் கப்பல் சுத்தமாகிவிட்டது. குளித்து, விபூதி பூசி, நல்ல பிள்ளையாக நிற்கிறது. 1939 பிப்ரவரி 14ம் தேதி ஹாம்பர்கில் இது தண்ணீரில் இறங்கியபோது ஹிட்லர் நேரில் வந்து நின்றான் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்பது போய், எவ்வளவு அழகாகக் கட்டினார்கள் என்பது மட்டும் மிச்சம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் மகள் கேட்டாள்.

"அப்பா, இது நல்லவங்க கப்பலா, கெட்டவங்க கப்பலா?"

"நீ பேசாம புகைக்கூண்டை ஒட்டு."

"சொல்லுப்பா. படத்துல யாரைச் சுடறாங்க?"

நியாயமான கேள்வி. செய்முறைத் தாளில் பதிலைத் தேடினேன். பல மொழிகளில் ஆளுக்கு ஒரு பத்தி. நீளம், அகலம், வேகம், பீரங்கி எண்ணிக்கை. ஹூட் என்கிற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. மூன்று நாள் கழித்துத் தானும் மூழ்கியது. முடிந்தது கதை. அந்தப் பத்தியில் தேடிப் பார்த்தேன், ஒரு மனுஷன்கூட இல்லை. கப்பல்கள் கப்பல்களோடு சண்டை போட்டு கப்பல்கள் செத்துப்போயின.

எனவே நான் சொன்னேன்.

1941 மே 18ம் தேதி ராத்திரி தாண்டி பிஸ்மார்க் கிளம்பியது. கூடவே பிரின்ஸ் ஆய்கன் என்று இன்னொரு கப்பல். வேலை என்ன? அட்லான்டிக்கில் பிரிட்டனுக்குச் சாப்பாடும் எண்ணெயும் கொண்டுபோகிற சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடிப்பது. ஒரு தேசத்தைப் பட்டினி போடுகிற வேலை. 24ம் தேதி காலை, ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் ஹூட் எதிர்ப்பட்டது. இருபது வருஷமாக பிரிட்டிஷ் கடற்படையின் செல்லப்பிள்ளை. சண்டை ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்குள் ஹூட் வெடித்து இரண்டாகிப் போனது. கப்பலில் இருந்தவர்கள் 1,418 பேர். பிழைத்தவர்கள் மூன்று பேர்.

பிறகு துரத்தல். 26ம் தேதி சாயங்காலம் ஆர்க் ராயல் என்கிற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் வந்தன. துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானங்கள். அந்தக் காலத்துக்கே பழசு. அவை போட்ட ஒரு டார்பிடோ பிஸ்மார்க்கின் பின்பக்கம் பட்டு, திசை திருப்புகிற சுக்கான் இடது பக்கம் பன்னிரண்டு டிகிரி திரும்பிய நிலையில் சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான். இயந்திரம் ஓடுகிறது, பீரங்கி சுடுகிறது, கப்பல் போகவேண்டிய பக்கம் போகமாட்டேன் என்கிறது. ராத்திரி பூரா எதிரியை நோக்கியே மெல்ல நகர்ந்தது. விடிந்ததும் ராட்னி, கிங் ஜார்ஜ் என்று பெரிய கப்பல்கள் சூழ்ந்துகொண்டு அடித்தன. 27ம் தேதி காலை பத்தே முக்காலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். பிழைத்தவர்கள் ஏறக்குறைய 115. பெரும்பாலும் சின்னப் பையன்கள்.

டார்செட்ஷயர் என்கிற பிரிட்டிஷ் கப்பல் தண்ணீரில் தத்தளித்தவர்களைக் கயிறு போட்டு ஏற்றிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கி வருகிறது என்று ஒரு சந்தேகம். கிளம்பிவிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் கடலிலேயே விடப்பட்டார்கள். அந்த டார்செட்ஷயர் அடுத்த வருஷம் 1942 ஏப்ரல் 5ம் தேதி, கொழும்புவிலிருந்து கிளம்பிப் போகும்போது இலங்கைக்குத் தென்மேற்கே ஜப்பான் விமானங்கள் அடித்து மூழ்கியது. அட்லான்டிக்கில் ஆரம்பித்த கதையின் ஒரு வால் நம் பக்கத்துக் கடலில் கிடக்கிறது.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுல ஆளுங்க எங்கப்பா?" என்றாள்.

பெட்டியில் ஆள் இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் மனிதர்கள் பெரும்பாலும் தனியாக விற்கிற சாமான். 1:350 கணக்கில் ஒரு ஆள் எவ்வளவு உயரம் இருப்பான்? ஐந்தே முக்கால் அடி ஆள் என்றால் ஐந்து மில்லிமீட்டர்.

"அரிசி சைஸ்" என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாது. சமையலறைக்குப் போய் ஒரு கை அரிசி அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். உட்கார்ந்து எண்ணினோம். இரண்டாயிரத்து இருநூறு எண்ணப் பொறுமை இல்லை. நூறு எண்ணி, அதே அளவில் குவித்துக் குவித்து இருபத்திரண்டு குவியல். எல்லாம் சேர்த்தால் ஒரு பிடிதான். 72 சென்டிமீட்டர் கப்பலுக்குப் பக்கத்தில் அதைக் கொட்டினோம். ஒரு குவியலையும் கூடப் பதினைந்து மணியையும் தனியாக வைத்தோம். ஒரு டீஸ்பூன் நிரம்பவில்லை. ஹூட்டுக்கு மூன்று மணி. மூன்று அரிசி மேஜைமேல் கிடந்தது. ஃபேன் காற்றில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து தேடி எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"அப்ப ரெண்டு பக்கமும் அரிசிதான்" என்றாள்.

நல்லவரா கெட்டவரா கேள்விக்கு நான் யோசித்து வைத்திருந்த பதிலை அதற்குப்பிறகு சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொன்னேன். அரிசி இரண்டு பக்கமும் ஒன்றுதான். அந்த அரிசியை எதற்காகக் கப்பலில் ஏற்றினார்கள் என்பது ஒன்றில்லை. அந்தக் கொடியில் ஒரு சின்னம் இருந்தது, இதில் எடுத்துவிட்டார்கள், ஏன் எடுத்தார்கள் என்று பெரிய கிளாஸ் போனபின் படி என்றேன். "இப்பவே சொல்லேன்" என்றாள். சொன்னேன். அது அரை மணி நேரம் ஆயிற்று.

கணக்குப்பதிவியலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. இந்தப் பெட்டி ஒரு பக்கத்தை ரொம்ப அழகாக, துல்லியமாக, பிசிறு இல்லாமல் எழுதியிருக்கிறது. எத்தனை பீரங்கி, எத்தனை படகு, எத்தனை ஜன்னல். இன்னொரு பக்கம் வெள்ளைத்தாள். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. செய்முறைத் தாளின் அந்தப் பத்தியில் இன்னும் இரண்டு வரி. ஏறியவர் இத்தனை, இறங்கியவர் இத்தனை. எதிர்த்தரப்பில் இத்தனை. யாருடைய ஆட்சி, என்ன உத்தரவு. ஸ்வஸ்திகாவை அச்சடிக்கத்தான் சட்டம் யோசிக்கிறது. அது ஏன் இல்லை என்று எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

முதலும் கடைசியுமாக ஒரே ஒரு படையெடுப்பு. மொத்தம் ஒன்பது நாள். அதற்கு இத்தனை கம்பெனி, இத்தனை சைஸ், இத்தனை பெட்டி. கோபுரத்தின் உச்சியில் என்ன கலர் பெயின்ட் அடித்திருந்தார்கள் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்கு நான் எதிரி இல்லை. ஒரு பொருளை அவ்வளவு நுணுக்கமாக நேசிப்பது நல்ல குணம்தான். கலருக்குக் காட்டுகிற அக்கறையில் கொஞ்சம் அந்தப் பையன்களுக்கும் காட்டலாம் என்பதுதான் என் கட்சி.

சரி, வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். பிள்ளைகள் கை ஒரு இடத்தில் நிற்கும். பொறுமை வரும். அப்பாவுக்கும் வரும். ஆனால் பெட்டியோடு கூட ஒரு கை அரிசியும் கொஞ்சம் சரித்திரமும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவை இரண்டும் பெட்டிக்குள் வராது.

நிஜ பிஸ்மார்க் இப்போது அட்லான்டிக்கின் அடியில், ஏறக்குறைய 4,800 மீட்டர் ஆழத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. டைட்டானிக்கைக் கண்டுபிடித்த குழுவில் முக்கியமானவரான ராபர்ட் பல்லார்ட்தான் 1989ல் இதையும் கண்டுபிடித்தார். அவர் எடுத்த படங்களில், மேல்தளத்தில், பூசி மறைத்த பெயின்டுக்கு அடியிலிருந்து அந்த ஸ்வஸ்திகா மங்கலாகத் தெரிந்தது. நாற்பத்தெட்டு வருஷம் உப்புத்தண்ணீரில் கிடந்து, மேலே அடித்த பெயின்ட் போய், மறைத்தது வெளியே வந்திருக்கிறது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை கடைசி வேலையாக சுக்கான்களை ஒட்டினோம். இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. செய்முறைப் படத்தில் நேராக ஒட்டச் சொல்லியிருந்தது. மகள் பசை தடவிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு டிகிரின்னா எவ்வளவுப்பா?"

ஜியோமிதிப் பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து வந்தேன். காய்ந்தபிறகு பிரிக்க முடியாத பசை அது.


இப்போது கப்பல் டிவி ஸ்டாண்டின் மேல் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். யாராவது ஒருவர் பின்பக்கம் குனிந்து பார்த்து, சுக்கான் கோணலாக ஒட்டியிருக்கிறதே என்பார்கள். அவர்களுக்கு மட்டும் அவள் முழுக் கதையும் சொல்கிறாள்.